ஓட்டு இடுக்கும் புகையும்: நாங்குநேரி வட்டார வீடுகளில் உட்காற்றின் வரலாறு

நாங்குநேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் ஓட்டு வீடுகளின் அடுக்களைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால், ஓட்டின் அடிப்புறமும் அதைத் தாங்கும் பனங்கைகளும் கன்னங்கரேலென்று இருக்கும். தொட்டால் விரலில் பிசுபிசுப்பாக ஒட்டும். இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் மக்கள் எத்தகைய காற்றைச் சுவாசித்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. தலைமுறை தலைமுறையாகப் படிந்த அந்தக் கரியைத்தான் முதல் ஆவணமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. புகை எந்த வழியாக வெளியேறியது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது. சுவரில் இருக்கும் சிறு சன்னல் அதற்குப் போதவில்லை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவிலிருந்த இடுக்குகளே புகைபோக்கியாக இருந்தன. யாரும் திட்டமிட்டு வைக்காத அந்த வழி மெல்ல மெல்ல அடைபட்டதும், அது அடைபட்ட பிறகும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்ததும்தான் இங்கே உட்காற்றின் வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழில் சன்னலுக்குப் பழைய பெயர் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் வருகிறது. நெடுநல்வாடை காட்டும் மாளிகையில் வேனிற்காலத்தில் தென்றல் வரும் வழிகள், கூதிர்காலத்தில் கதவு சாத்தித் தாழிடப்படுகின்றன. உள்ளே தடவு என்னும் தூபமுட்டியில் நெருப்பு வைத்துக் குளிர்காய்கிறார்கள். காற்றை அடைத்துவிட்டு உள்ளே நெருப்பு மூட்டும் இந்தக் காட்சி ஈராயிரம் ஆண்டுப் பழமையானது. ஆனால் இலக்கியம் பள்ளியறையின் காற்றைப் பேசிய அளவுக்கு அடுக்களையின் காற்றைப் பேசவில்லை. பிற்கால அரசு ஆவணங்களிலும் இதே நிலைதான்.

வானமாமலைப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்களின் பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கச்சுவரில் சன்னல் வைக்க வழியில்லை. தெருவாசல், நடுமுற்றம், புறவாசல் என்று ஒரே நேர்க்கோட்டில் திறப்புகளை வைத்து அந்தக் குறையை ஈடுகட்டினார்கள். வெயிலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலே போக, தெருப்பக்கத்துக் காற்று தார்சா என்னும் முன்கூடத்தைக் கடந்து உள்ளே வரும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் அதே வீட்டில் நெல்லும் நகையும் வைக்கும் அரங்குவீடு சன்னலே இல்லாத இருட்டறை. பல வீடுகளில் பிள்ளை பெற்றவளையும் அங்கேதான் படுக்க வைத்தார்கள். பாதுகாப்புக்காகக் கட்டிய அறையின் காற்றைப் பச்சைக்குழந்தை சுவாசித்தது.

அடுப்பைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைக்கும் வழக்கத்துக்கு இந்த மண்ணில் ஒரு பொருத்தம் உண்டு என்று நான் கருதுகிறேன். ஆனி, ஆடி, ஆவணியில் மேற்குமலைக் கணவாய்களின் வழியே வீசும் மேல்காற்று, தென்கிழக்கு மூலையின் புகையை வீட்டுக்கு வெளியே கிழக்காகத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்காகத் திரும்பும்போது அதே புகை வீட்டுக்குள் புகும். மழைக்கு அஞ்சிக் கதவும் சாத்தியிருக்கும். விறகும் ஈரமாக இருக்கும். ஆண்டின் மோசமான காற்று அந்த இரண்டு மாதங்களில்தான் வீட்டுக்குள் தேங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. நோய்க்குக் காரணம் கெட்ட காற்று என்று அன்றைய ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர்கள் இங்கே ஊர்களைச் சீரமைத்தபோது தெருவை அகலமாக்கினார்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி விட்டார்கள். 1841இல் இடையன்குடிக்கு வந்து வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்த மிஷனரி கால்டுவெல் அந்த ஊரை நேர்த்தெருக்களாக அமைத்தது இந்த மரபில் சேரும். இரண்டாவது மாற்றம் கூரையில் நடந்தது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் வழிவந்த சீமை ஓடு, ஓலைக்கூரையின் நெருப்பு அச்சத்திலிருந்து விடுதலை கொடுத்தது. ஆடிக்காற்றில் ஒரு பொறி பறந்தால் தெருவே எரியும் ஊர்களில் இது பெரிய ஆறுதல். சீமை ஓட்டிலும் இடுக்கு இருந்ததால் புகை தொடர்ந்து வெளியேறியது. தெருவின் காற்றைத் திருத்தியவர்களின் கண், அடுக்களைக்குள் மட்டும் போகவில்லை.

அடுக்களையைவிடக் கடுமையான இடம் ஒன்று இந்த வட்டாரத்தில் உண்டு: விடிலி. நாங்குநேரிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இராதாபுரம் வரையிலும் பனங்காட்டு நடுவே ஓலையால் வேய்ந்த குடிசை அது. பனையேறி காலையில் இறக்கிய பதநீரை அங்கே அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மணிக்கணக்காகக் காய்ச்சிப் பாகாக்கி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவது பெரும்பாலும் அவர் மனைவியின் வேலை. எரிப்பது பனைமட்டை, சில்லாட்டை, காய்ந்த ஓலை, உடைமர விறகு. இவை எல்லாம் சடசடவென்று எரிந்து நிறையப் புகையும் பொருள்கள். பாகு பதம் தவறினால் அன்றைய உழைப்பு முழுதும் வீண் என்பதால் அடுப்பை விட்டு அவர் எழுந்திருக்க முடியாது. மாசி பங்குனியில் தொடங்கும் பருவம் ஆடி வரை நீளும். பனையிலிருந்து விழுந்து இறப்பவருக்கு நிவாரணம் கேட்கும் குரல் சட்டமன்றம் வரை போயிருக்கிறது. கீழே விடிலிக்குள் கண் எரிந்து, மூச்சிரைத்து, நாற்பது வயதிலேயே இருமலோடு இருப்பவரை யாரும் தொழில்நோயாளியாக எண்ணுவதில்லை. கருப்பட்டியின் நன்மைகளைப் பற்றி இன்று நிறைய எழுதுகிறோம். அது எந்தக் காற்றில் காய்ச்சப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்.

புகையைக் குறைக்கும் முயற்சி காந்திய இயக்கத்திலிருந்து வந்தது. 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைத் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பா வார்தாவின் மகன்வாடியில் இருந்து நடத்தினார். பனைவெல்லத்தை நாட்டுத் தொழிலாக வளர்த்த அதே சங்கத்திலிருந்துதான் புகைக்குழாய் வைத்த மகன் அடுப்பும் வந்தது. ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு உருவாக்கிய மண்ணடுப்பைப் பற்றிய நூலைச் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் 1953இல் வெளியிட்டது. கோடிக்கணக்கான வீடுகளுக்குப் புகையில்லா அடுக்களை என்பது அதன் நோக்கம். பிறகு 1983 முதல் ஏறத்தாழ இருபதாண்டுகள் மைய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நாடெங்கும் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகளைக் கொடுத்தது. ஆனால் குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக ஓட்டைப் பிரித்தால் மழை ஒழுகியது. கரி அடைத்த குழாயைத் துடைத்துக் கொடுக்க ஆளில்லை. மாவட்டத்துக்கு இத்தனை அடுப்பு என்ற இலக்குக் கணக்கு இருந்தது. ஆறு மாதம் கழித்து அவை எரிகின்றனவா என்று பார்க்கும் ஏற்பாடு பலவீனமாக இருந்தது. அந்தத் திட்டம் அடுப்பைப் பார்த்தது, அடுப்பிருக்கும் வீட்டைப் பார்க்கவில்லை.

இதே காலத்தில் வீடு மாறிக்கொண்டிருந்தது. ஓடு போய்க் காங்கிரீட் தட்டட்டி வந்தது. மழைக்கும் பாம்புக்கும் அஞ்சாமல் தூங்கலாம் என்ற நிம்மதியை அது கொடுத்தது. அதை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் ஓட்டு இடுக்கு மறைந்தது. 2011இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. இந்த அளவுக்குள் விறகடுப்பும் எரிந்தால் புகை போக இடமில்லை. அதனால் பல வீடுகளில் பெண்கள் அடுப்பைக் கொல்லைப்புறச் சாய்ப்புக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் திட்டமும் சொல்லாமல் அவர்களே கண்ட தீர்வு அது. அதே 2011இல் அரசு கொடுத்த இலவச மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைச் சுழற்றியது, வெளிக்காற்றைக் கொண்டுவரவில்லை. இரவில் சன்னலைச் சாத்திவிட்டுக் கொளுத்தும் கொசுவத்திச் சுருள் ஒன்று, 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவுக்கு நுண்துகளை விடுவதாக 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பீடி சுற்றும் வீடுகளையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கரையெங்கும் பெண்கள் மடியில் பீடித்தட்டோடு உட்காரும் தார்சாவில் புகையிலைத் தூள் நாள்முழுதும் பறக்கிறது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிற்கூடத்துக்குக் காற்றோட்டம் வேண்டும் என்றது. வேலையோ வீட்டுக்குள் நடக்கிறது.

அளவீடு மிகத் தாமதமாக வந்தது. வெளிக்காற்றை இந்தத் தென்கோடி நன்றாக அளந்திருக்கிறது. 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலை நட்டார்கள். இன்று பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். வீட்டுக்குள் இருக்கும் காற்றை அளக்கும் வேலையை இந்தியாவில் கிர்க் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் செய்து 1983இல் வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பற்றிய விரிவான ஆய்வைச் சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2002இல் வெளியிட்டது. நான்கு மாவட்டங்களில் 436 வீடுகள். விறகு, சாணம் எரிக்கும் வீட்டில் சமைப்பவர் ஒரு நாளில் சராசரியாகக் கன மீட்டருக்கு 231 மைக்ரோகிராம் நுண்துகளைச் சுவாசித்தார்; சமைக்காதவருக்கு அது 90. தூய எரிபொருள் வீடுகளில் 82 மட்டுமே. சமைக்கும் நேரத்தில் அடுக்களைக் காற்றில் 500 முதல் 2,000 வரை இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஒருத்திக்கு மட்டும் இரண்டரை மடங்கு நஞ்சு என்பதை எண்களாக நிறுவியது அந்த ஆய்வு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்கு வைத்த வரம்பு 15. அது இன்னும் சிறிய துகளுக்கானது என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆயினும் இடைவெளி மிகப் பெரிது என்பது தெளிவு.

2007இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் மைய அரசின் உஜ்வாலா எரிவாயு இணைப்புத் திட்டமும் வந்தன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 83 விழுக்காடு வீடுகள் தூய எரிபொருளில் சமைத்தன. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் இணைப்பு இருப்பதும் அதிலேயே எல்லாம் சமைப்பதும் ஒன்றல்ல. குளத்துக்குள்ளும் தரிசிலும் சீமைக்கருவேல் காசில்லாமல் கிடைக்கும் ஊரில், சிலிண்டர் காப்பிக்கும் அவசரத்துக்கும் போக, வெந்நீரும் சோறும் விறகில்தான் வேகின்றன. எரிவாயு மட்டுமே போதுமா என்பதற்கு விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் உள்ளடக்கி நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2022இல் ஒரு விடை தந்தது. எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 24, மற்றவர்களுக்கு 71. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எரிவாயு வீண் என்று இதைப் படிப்பது தவறு. காற்றின் நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது பெரிய செய்தி. பக்கத்து வீட்டுப் புகையும் ஊர்ப் புகையும் எஞ்சியிருக்கும்வரை ஒரு வீட்டின் அடுப்பை மட்டும் மாற்றிப் பயன் அளக்க முடியாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வறண்ட வெப்பப் பகுதியில் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. அடுக்களைக்கு அந்தத் திறப்பளவில் இன்னும் கால் பங்கு கூடுதல். எட்டுக்கு எட்டு அடுக்களை என்றால் இரண்டடி அகலம், நான்கடி உயரமுள்ள ஒரு சன்னல். இப்போது கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீடுகள் ஊர்தோறும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நாங்குநேரி வட்டாரத்தில் அந்த வீடுகளைக் கட்டும் பொறியாளர்களுக்கும் கொத்தனார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுக்களையின் கிழக்குச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாத்த முடியாத ஒரு காற்றுத்துளையை விட்டுவிடுங்கள். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று: வருகிற பங்குனியில் துகள் அளக்கும் கருவியோடு ஒரு விடிலிக்குள் போய், பாகு பதமாகும்வரை அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.