எவ்வளவு வேண்டும்?

சுவாமிமலைத் தலக்கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பிரணவத்தின் பொருளைக் கேட்க வந்த தந்தை கீழே. அதைச் சொல்லும் மகன் மேலே. கேட்பவன் வாய்பொத்தி நிற்க வேண்டும், விடை தெரிந்தவனுக்கே உயர்ந்த இடம். தமிழ் ஆண்டுகளின் பெயர்களைத் தாங்கிய அறுபது படிகளில் ஏறிச் சென்று நாம் வணங்குவது அந்த ஏற்பாட்டைத்தான். நேர்முகத் தேர்வு என்னும் நவீனச் சடங்கிலோ இம்முறை தலைகீழாகிவிடுகிறது. கேட்பவர்கள் உயரத்தில் அமர்ந்திருக்கிறார்கள்; விடை சொல்பவன் நாற்காலியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். சங்க இலக்கியம், தொல்காப்பியம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக அந்தக் கேள்வி வருகிறது: "சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?"

தமிழ் முதுகலை முடித்துவிட்டுத் தனியார் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இக்கேள்விக்கான விடையைத்தான். பெரும்பாலோர் சொல்லிவிட்டு வரும் விடை ஒன்றே: "நீங்கள் பார்த்துக் கொடுங்கள்." இது பணிவு என்று அவர்கள் நினைக்கிறார்கள். இது பணிவு அன்று. நம் காவிரிக் கரையில் ஆயிரம் ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் ஒரு வழக்கம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1014. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், அவர்களுக்குத் தரப்பட்ட வீடுகள், அவ்வீடுகள் இருந்த தெருச் சிறகுகள் எல்லாம் அதில் வரிசையாக வெட்டப்பட்டுள்ளன. ஊதியத்துக்கு அங்கே வழங்கும் சொல் 'பங்கு'. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆடும் பெண்ணுக்கு ஒரு பங்கு, நட்டுவம் செய்வோர்க்கு இரண்டு. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அடுத்த உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவருக்குத் தகுதி இல்லையெனில் தக்க வேறொருவரை வைக்க வேண்டும். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! நெல் ஆளுக்கு அன்று, பணிக்கு அளக்கப்படுகிறது. ஆனால் அந்த 400 பேரில் ஒருவரிடமாவது "உனக்கு எவ்வளவு வேண்டும்?" என்று கேட்கப்பட்டிருக்குமா? கேட்கவேண்டிய தேவையே எழாதபடி அமைந்த உலகம் அது. மரக்கால் கோயிலுடையது, நெல் கோயிலுடையது, அளக்கும் கையும் கோயிலுடையது.

கோயிலுக்குப் பொருந்திய இந்த முறை களத்துமேட்டில் வேறு முகம் கொண்டது. பண்ணையாளுக்குக் கூலி அளப்பதற்கென்றே சின்ன மரக்கால் இருந்த ஊர்கள் நம் மாவட்டத்தில் உண்டு. விற்கும்போது ஒரு மரக்கால், கூலிக்கு வேறொரு மரக்கால். எண்ணிக்கை மாறுவதில்லை, பாத்திரம்தான் மாறும்! 1952-இல் இராஜாஜி அரசு தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, கூலி எவ்வளவு என்பது முதன்முறையாக மிராசுதாரின் வாயிலிருந்து அரசு இதழுக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும் கூலி பெறுபவன் தானே ஓர் எண்ணைச் சொல்வது என்பது வேறு கதை. கீழத்தஞ்சையில் 1960-களின் பிற்பகுதியில் சங்கமாகத் திரண்டவர்கள் சொன்ன எண், அறுவடைக் கூலியில் சிறிது நெல் கூடுதலாக வேண்டும் என்பதே. அந்தப் பூசலின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அடுத்த ஆண்டு நியாயக்கூலிச் சட்டம் வந்தது. "எவ்வளவு வேண்டும்" என்பதற்கு ஓர் எண்ணைச் சொன்னதற்காக இம்மண்ணில் கொடுக்கப்பட்ட விலை அது. நம் பிள்ளைகளின் நாக்கு அந்த இடத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு உளவியல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை.

படித்தவர்களின் உலகத்துக்கு வருவோம். சுவாமிமலையிலிருந்து கிழக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் கும்பகோணம் அரசுக் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு உ.வே.சாமிநாதையரே வரவேண்டும் என்று நின்றார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். 1880 பிப்ரவரியில் உ.வே.சா. பணியேற்றார்; அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அதற்கு முன் கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் அவருடைய புலமை சோதிக்கப்பட்டது. உடனுக்குடன் செய்யுள் பாடச் சொன்னார்கள், பாடினார். இன்றைய சொல்லில் சொன்னால் அதுவும் நேர்முகத் தேர்வுதான். ஆனால் எதிர்பார்க்கும் சம்பளம் என்ற பேச்சு அங்கே எழ வழியில்லை. பதவிக்குச் சம்பளம் உண்டு, மாதம் ஐம்பது ரூபாய். வருபவர் அதைப் பெறுவார். பங்கு என்பதன் ஆங்கில அரசு வடிவம் இது எனலாம். அதுவரை அவர் இருந்த திருவாவடுதுறை ஆதீனத்திலோ மாதச் சம்பளம் என்ற சிந்தையே வேறு. உணவு, உறைவிடம், வேண்டும்போது உதவி. கொடுப்பவரின் அன்பே அளவு. அந்த அன்பு பெரிது என்பதில் ஐயமில்லை. எனினும் பிள்ளையவர்கள் போன்ற ஒரு பெரும்புலவர் கடனோடு வாழ்ந்து 1876-இல் மறைந்தார் என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கேட்காமல் கிடைப்பது, கேட்க முடியாததாகவும் ஆகிவிடும்.

உ.வே.சா. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அடுத்த ஆண்டு அதே கும்பகோணம் கல்லூரியில் ஒரு மாணவன் சேர்ந்தான். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வீடு. தந்தை துணிக்கடையில் கணக்கர். வீட்டில் வெளியூர் மாணவர்களுக்குச் சோறு போட்டுச் சிறிது வருவாய் ஈட்டிய குடும்பம். கணிதம் தவிர மற்றவற்றில் மனம் செல்லாததால் உதவித்தொகையை இழந்தான், எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. சீனிவாச இராமானுஜன்.

நம் கேள்வி, ஏறத்தாழ அதே சொற்களில், இவரிடம்தான் கேட்கப்பட்டது. திருமணமாகி, வேலை தேடி அலைந்த 1910-ஆம் ஆண்டு. முதலில் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி.இராமசாமி ஐயரிடம் போய்த் தாலுகா அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரான ஐயர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, இந்த மேதையை வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் போட்டு நசுக்க மாட்டேன் என்று கருதி வேலை தராமல் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். அப்படிக் கைமாறிக் கைமாறி ஆண்டின் இறுதியில் நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் முன் வந்து நின்றார். குள்ளமான, மழிக்காத முகம் கொண்ட, கந்தலான குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிய, கண்கள் மட்டும் ஒளிர்ந்த ஒருவர் என்று ராவ் பிற்பாடு எழுதினார். முதலில் ராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சில நாள்களில் விளங்கியது. அப்போது கேட்டார்: உமக்கு என்னதான் வேண்டும்?

இராமானுஜன் சொன்ன விடை, உயிர்வாழ ஏதோ கொஞ்சம் கிடைத்தால் போதும், ஆராய்ச்சியைத் தொடரலாம் என்பது. எண் எதுவும் சொல்லவில்லை. இதை நம் வழக்கமான "பார்த்துக் கொடுங்கள்" வகையில் சேர்த்துவிடலாம் என்று முதல் பார்வையில் தோன்றும். கூர்ந்து பார்த்தால் அப்படி இல்லை. அவர் விலை சொன்னது தம் திறமைக்கு அன்று, தம் நேரத்துக்கு. இந்த மனிதர் வேண்டியது ஓய்வு, உழைக்காமல் எளிய உணவு, கனவு கண்டுகொண்டிருக்க அனுமதி என்று ராவ் அதைச் சரியாகவே புரிந்துகொண்டார். சென்னையில் இருக்கச் சொல்லித் தம் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பினார். வேறு உதவித்தொகை எதுவும் அமையாத நிலையில், ஒருவர்மேல் நெடுநாள் பாரமாக இருக்க மனமில்லாமல் அதையும் நிறுத்தச் செய்து, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தரானார் இராமானுஜன். அதற்கு அவர் பிப்ரவரியில் எழுதிய விண்ணப்பம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். படிப்பைத் தொடரமுடியாமல் போனதை ஒளிக்காமல் சொல்கிறார். எதிர்பார்க்கும் தொகை மட்டும் இல்லை.

1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் தம் சம்பளத்தை ஆண்டுக்கு 20 பவுன் என்று குறிப்பிட்டார். அன்றைய மாற்று, பவுனுக்கு 15 ரூபாய். மாதம் 30 என்றால் ஆண்டுக்கு 360. பவுனில் 24 வரவேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த கணக்கர்களில் ஒருவர் தம் சொந்தச் சம்பளத்தை மட்டும் முழு எண்ணாக்கிக் குறைத்துவிட்டார்! வேலை தேடுகிறவர்கள் வாங்கிய சம்பளத்தைச் சற்று உயர்த்திச் சொல்வதுதான் உலக வழக்கம். ஆனால் அடுத்த மாதமே எழுதிய இரண்டாம் கடிதத்தில் வேறொரு குரல் கேட்கிறது. தாம் அரைப்பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காத்துக்கொள்ள உணவு வேண்டுமென்றும், ஹார்டி ஒரு நல்ல கடிதம் எழுதினால் பல்கலைக்கழகமோ அரசோ உதவித்தொகை தரக்கூடும் என்றும் எழுதினார். இதில் கூச்சம் இல்லை, இரப்பும் இல்லை. யாரிடம் எதைக் கேட்டால் எது நடக்கும் என்ற தெளிவு இருக்கிறது. நடந்தது. 1913 மே முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. மறு ஆண்டு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ்.

1919 ஜனவரியில் அவர் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய கடிதமே இக்கதையின் உச்சம். நாடு திரும்பும் அவருக்குப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்திருந்தது. இராமானுஜன் நன்றி சொல்லிவிட்டு, மொத்தத் தொகை தம் தேவையைவிட மிகுதி என்று எழுதினார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போகட்டும்; தம் செலவு போக எஞ்சியதை ஏழை மாணவர்களின், அநாதைகளின் பள்ளிக்கட்டணத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்துங்கள் என்றார். 1910-இல் சொன்ன அதே விடைதான் இது. தேவைக்கு மேல் வேண்டாம் என்பது அன்று பிறர்க்குக் கொடுக்க ஏதுமில்லாதவனின் சொல். இன்று கையில் பணம் வந்தவனின் சொல். முதலாவதை ஏழ்மை என்று தள்ளலாம். இரண்டாவதைத் தள்ள முடியாது.

இங்கேதான் எனக்கு ஓர் அச்சம். சுயநிதிக் கல்லூரிகளின் தேர்வறைகளில் இராமானுஜன் கதை வேறு காரியத்துக்குப் பயன்படுகிறது. "ஆசிரியப்பணி தொண்டு, மேதைகள் பணம் கேட்டார்களா?" என்று ஒரு நிர்வாகி சொல்லக் கேட்டிருக்கிறேன். கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000-க்கு மிகாமல் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2019-இல் வகுத்தது. அந்த எண் தெரிந்துகொண்டு உள்ளே போகிற மாணவர் எத்தனை பேர்? இராமானுஜனிடம் கேட்டவர் ராவ். கேட்டபின் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர். கொடுக்கப்போகும் தொகையை முன்பே முடிவுசெய்து வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவன் அதற்கும் கீழே சொல்கிறானா என்று பார்ப்பதற்காகக் கேட்கப்படுவது அதே கேள்வி அன்று. அது சின்ன மரக்கால். இந்தச் சூது பிற நாடுகளுக்கும் புரிந்திருக்கிறது. பழைய சம்பளத்தை விண்ணப்பதாரரிடம் விசாரிக்கக் கூடாது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் சட்டம் இயற்றியது. சம்பள அளவை வேலை தருபவரே முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்தது. நம்மிடம் இன்னும் பழைய சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குகிறார்கள்.

எண்ணைக் கூசாமல் சொல்கிறவர்களைப் பார்க்கவேண்டுமானால் சுவாமிமலைத் தேர்வீதிகளில் நடந்தால் போதும். காவிரி வண்டலை மெழுகின்மேல் பூசி ஐம்பொன் வார்க்கும் ஸ்தபதி, படிமம் கேட்டு வருபவரிடம் உயரம், எடை, வேலைப்பாடு என்று கேட்டுவிட்டு நேராகத் தொகையைச் சொல்வார். அச்சாரம் வாங்கியபின்தான் மெழுகைத் தொடுவார். செம்பின் விலை ஊரறிந்தது, நாளின் கணக்கு அவரறிந்தது. வருபவர் போய்விட்டாலும் பட்டறையில் வேறு வேலை இருக்கும். தாராசுரம் கோயில் எழுந்த காலத்திலிருந்து தொடர்வதாக அவர்கள் சொல்லிக்கொள்ளும் தொழில் இது.

இராமானுஜன் 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் மறைந்தார். பெற்றோருக்கு 50 பவுன் என்ற அந்தக் கடிதத்தில் மனைவி ஜானகியின் பெயர் தனியாக இல்லை. தையல் வேலை செய்து திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார் அவர். கணவருக்குச் சிலை வைப்போம் என்று முன்பு சொன்னார்களே, அது எங்கே என்று 1980-களின் தொடக்கத்தில் கேட்டார். செய்தி அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியை எட்டியது. அவர் உலகெங்குமுள்ள கணித அறிஞர்களிடம் பணம் திரட்டினார். கடவுச்சீட்டுப் படத்தைப் பார்த்து பால் கிரான்லுண்ட் என்னும் சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வடித்தார். அவற்றுள் ஒன்று ஜானகி அம்மாளிடம் வந்து சேர்ந்தது. வார்த்தது சுவாமிமலையில் அன்று, மின்னசோட்டாவில்.