தைத்த முழங்காலும் பொறுக்காத மனமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் உள்ளது கண்டக்குழி. ஒருபுறம் கடல், மறுபுறம் புத்தளம் களப்பு. மணலில் கால் ஊன்றிக் கரைவலை இழுப்போர், மாலையில் உதைபந்து ஆடும் இளைஞர், பட்டத்தின் இழுவையில் பலகைமீது நீர்சறுக்குவோர் என இக்கரையில் பலரின் உழைப்பும் விளையாட்டும் முழங்காலை நம்பியே நடக்கின்றன. அந்த முழங்காலுக்குள் ஏ.சி.எல். எனப்படும் முன் சிலுவைத் தசைநார் ஒன்று இருக்கிறது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து, கீழ்க்கால் முன்னே நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது அதுவே. அது அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை தேடியதே ஒரு நீண்ட வரலாறு.

1895ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அறுந்த சிலுவைத் தசைநார்களைத் தைத்து இணைத்தார். 1903இல் அதனை எழுதி வெளியிட்டார். ஆயினும் தைத்த நார் எல்லோருக்கும் நிலைக்கவில்லை. 1917இல் ஹே குரோவ்ஸ் என்பவர் தொடையின் பக்கவாட்டு உறையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, எலும்பில் துளையிட்டு அதன் வழியே செலுத்திப் புதிய நாராக அமைத்தார். 1963இல் கென்னத் ஜோன்ஸ், முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணின் நடுப்பகுதியைப் பயன்படுத்தினார். 1980களில் செயற்கை இழைகளாலான நார்கள் வந்தன. அவை உரசித் தேய்ந்து, அறுந்து, மூட்டில் வீக்கத்தையும் உண்டாக்கியதால் பெரும்பாலும் கைவிடப்பட்டன. நோயாளியின் சொந்தத் தசைநாணே பரவலாகப் பயன்படும் வழியாக நிலைத்தது.

ஆனால் சொந்த நாணுக்கும் ஓர் இயல்பு உண்டு. பொருத்தப்பட்ட நாண் காலப்போக்கில் தசைநாராகவே மாறுகிறது என்று 1986இல் டேவிட் அமியெலும் அவரது குழுவினரும் முயல்களில் நிகழ்த்திய ஆய்வில் காட்டினர். அந்த மாற்றத்தின்போது பழைய உயிரணுக்கள் மடிந்து, புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து, நாண் சில காலம் முன்னைவிட வலுக்குறைந்து நிற்கிறது. வீக்கமும் வலியும் அதற்கு முன்பே அடங்கிவிடுகின்றன. நோவு தீர்ந்ததால் கால் தேறிவிட்டது என்று இளைஞன் எண்ணுகிறான். உள்ளே நாண் இன்னும் முற்றவில்லை.

1990இல் ஷெல்போர்ன், நிட்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர், காலை அசையாது கட்டிவைக்காமல் விரைவிலேயே அசைத்துப் பயிற்றும் முறையை வெளியிட்டனர். மூட்டு விறைத்துப்போகும் தொல்லை அதனால் குறைந்தது. விரைவில் நடப்பது வேறு, விரைவில் ஆடுகளம் புகுவது வேறு என்பதைப் பிற்கால ஆய்வுகளே தெளிவாக்கின. 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, விளையாட்டுக்குத் திரும்பிய 25 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினர் மறுபடி காயமுற்றிருந்தனர். அதில் எதிர்க்காலின் தசைநார் அறுவதும் அடங்கும். அதே ஆண்டு வெளிவந்த நோர்வே, அமெரிக்க ஆய்வொன்று, ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் பொறுக்கும்போதும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகக் கண்டது. தொடைத் தசை வலுவிலும் ஒற்றைக்கால் தாவலிலும் மறுகாலின் 90 சதவீதத்துக்கு மேல் எட்டுவது உள்ளிட்ட சோதனைகளில் தேறியவர்களில் 5.6 சதவீதத்தினரும், தேறாமல் களம் புகுந்தவர்களில் 38.2 சதவீதத்தினரும் மீண்டும் முழங்கால் காயத்துக்கு ஆளாயினர்.

காலம் மட்டும் போதுமா என்றால், போதாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற திரிபுரா சீருடற்பயிற்சி வீராங்கனை தீபா கர்மாகர், 2017இல் இச்சிகிச்சை பெற்றார். 2018 ஜூலையில் துருக்கியில் தங்கம் வென்றார். அடுத்த மாதமே ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முழங்கால் மீண்டும் தொல்லை தந்தது. 2019இல் பாக்குவிலும் அதே கதை. ஆயினும் 2024இல் ஆசிய வாகையாளர் பட்டம் வென்ற பின்னரே ஓய்வை அறிவித்தார். பொறுமைக்குப் பின்னும் ஆபத்து எஞ்சலாம். ஆபத்துக்குப் பின்னும் வாழ்வு உண்டு.

கண்டக்குழியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 160 கிலோமீற்றர். சத்திரசிகிச்சைக்கு ஒருமுறை போய்வரலாம். மாதக்கணக்கான உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு வாராவாரம் போய்வருவது, அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் குடும்பத்துக்கு எளிதன்று. படகு தள்ள ஆள் குறைகிறது என்று வீடும், ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று நண்பரும் அழைப்பர். இங்கேதான் மறுகாயம் பிறக்கிறது. தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகளுள் பலவற்றை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம். ஒற்றைக்கால் தாவலை அளக்க ஓர் அளவுநாடாவே போதும். எப்போது தொடங்குவது, எப்போது களம் புகுவது என்பதை மருத்துவரும் பயிற்சிச் சிகிச்சையாளரும் சொல்லட்டும். அந்த ஒன்பது மாதமும் இளைஞனை வற்புறுத்தாமல் இருக்க வேண்டியது வீட்டாரும் அணித்தலைவரும்தான்.