சரக்குப் பாதையும் சனங்களின் பாதையும்: பொறியியலாளர் ரம்பாலவின் பணி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

நமது வரலாற்று நூல்களிலே அரசர்க்கும் தேசாதிபதிகளுக்கும் அமைச்சர்களுக்கும் கிடைக்கும் இடம் பொறியியலாளருக்குக் கிடைப்பதில்லை. எப்போதேனும் கிடைப்பின், அது தனிமனித ஆற்றலை வியக்கும் பாராட்டுரையாகவே முடிந்துவிடுகின்றது. தொழில்நுட்பவியலாளன் ஒருவனின் பணியை அவன் காலத்து உற்பத்தி உறவுகளினின்றும் பிரித்து நோக்குதல், இலக்கியகர்த்தா ஒருவனை அவன் சமுதாயத்தினின்றும் பிரித்து நோக்குதல் போன்றதே. இலங்கை அரசாங்கப் புகையிரதப் பகுதியின் பொது முகாமையாளராக 1955 தொடக்கம் 1970 வரை பணியாற்றிய பி. டி. ரம்பாலவை நாம் இந்நோக்கிலேயே அணுக முற்படுகின்றோம். சரக்கேற்றுவதற்கென இடப்பட்ட பாதையைச் சனங்களின் பாதையாக மாற்ற முனைந்தவர் அவர். அம்முயற்சி எவ்வளவு தூரம் சென்றது, எங்கே தடைப்பட்டது என்பதே எமது வினா.

ரம்பாலவின் கைக்கு வந்து சேர்ந்த பாதை யாருக்காக இடப்பட்டது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும். 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடிற்று. 1867இல் பாதை கண்டியை அடைந்தது. இதனை வற்புறுத்திப் பெற்றோர் கோப்பித் தோட்டத் துரைமார். மலைநாட்டுக் கோப்பியை மாட்டு வண்டிகளிற் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொணரும் செலவும் தாமதமும் அவர்களது இலாபத்தைத் தின்றுகொண்டிருந்தன. அந்தக் கோப்பியோ புகையிரதத்தில் இறங்கிற்று; அதனைப் பறித்த தொழிலாளி மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்து வந்தான். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். பின்னர் பாதை மாத்தறைக்குச் சென்றது 1895இல். வடபாதை காங்கேசன்துறை வரை முழுமையாகத் திறக்கப்பட்டது 1905இல். கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் முப்பத்தெட்டு ஆண்டுகள். கோப்பியும் தேயிலையும் விளையாத மண் இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது.

1853இல் மார்க்ஸ் இந்தியா பற்றி எழுதிய கட்டுரையொன்றில், புகையிரதம் அந்நாட்டில் நவீன கைத்தொழிலின் முன்னோடியாக அமையும் என எதிர்பார்த்தார். அதன் பயனை மக்கள் நுகர்வதற்கு அந்நிய ஆட்சி நீங்குதல் அல்லது பிரித்தானியாவிலேயே தொழிலாளி வர்க்கம் ஆட்சிக்கு வருதல் வேண்டும் என்ற நிபந்தனையையும் உடன் கூறினார். இவ்விரண்டாவது கூற்றை மறந்து முதலாவதை மட்டும் எடுத்தாள்வோர் உளர். இலங்கையில் நிகழ்ந்தது யாது? புகையிரதம் இரத்மலானையிலே பெரியதொரு பணிமனையைத் தந்தது, ஆயிரக்கணக்கான திறன்மிக்க தொழிலாளரைத் தந்தது, தொழிற்சங்கத்தைத் தந்தது. ஆயின் இயந்திரத்தை ஆக்கும் தொழிற்சாலையைத் தரவில்லை. பழுதுபார்க்கும் கைகள் இங்கும், படைக்கும் கைகள் அங்குமாக இருந்த நிலை சுதந்திரத்தின் பின்னரும் மாறவில்லை.

1910இற் பிறந்து கொழும்பு நாலந்தாக் கல்லூரியிற் கற்ற ரம்பால, 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளரானார். அப்பதவியை வகித்த முதல் இலங்கையர் அவரே. அன்று வண்டிகளை இழுத்தவை பெரும்பாலும் நீராவி இயந்திரங்கள். இந்நாட்டில் நிலக்கரி இல்லை. அது கப்பலில் வந்தாக வேண்டும். நீராவி இயந்திரத்துக்கு அடிக்கடி நீர் நிரப்ப வேண்டும். நெருப்பைத் துப்புரவாக்க வேண்டும். ஓட்டத்துக்கு முன் நெடுநேரம் சூடேற்ற வேண்டும். ஏறத்தாழ நாற்பத்து நான்கடிக்கு ஓரடியென உயரும் கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு இயந்திரம் வேண்டும். கொதிகலனின் வாயில் நின்று கரி அள்ளிப்போட்ட தொழிலாளியின் உடலை எரித்தே அவ்வண்டிகள் மலையேறின எனின் மிகையன்று. டீசல் இயந்திரமே இதற்கு மாற்று என்பதை ரம்பால வற்புறுத்தினார். ஒரே இயந்திரம் நாளொன்றில் கூடுதலான நேரம் ஓடுமெனின், கூடுதலான வண்டிகளை விடலாம். கூடுதலான மக்களை ஏற்றலாம். அவரது வாதத்தின் சாரம் இதுவே.

1953இல் பிரித்தானியாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. மறு ஆண்டு கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா வழங்கியவை வந்தன. ‘ஒன்ராறியோ’ முதலாகக் கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய அவ்வியந்திரங்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓடின. இங்கு ஒரு முரண்பாட்டைச் சுட்டாது செல்லல் இயலாது. முதல் டீசல் இயந்திரங்கள் வந்த அதே 1953இலேதான் அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரதக் கட்டணமும் கூட்டப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. தென்மேற்குக் கரையோரத்திற் பல இடங்களிலே மக்கள் தண்டவாளங்களைப் பெயர்த்தெறிந்தனர். புதிய இயந்திரம் ஓடவேண்டிய பாதையை, அதிலே ஏறவேண்டிய மக்களே பெயர்த்த செயல் இது. இதனை அறியாமை என்று அன்றைய ஆளும் வர்க்கம் கூறிற்று. பொறியியலாளர் வேகத்தைக் கூட்டலாம். கட்டணத்தைத் தீர்மானிப்பது வரவு செலவுத் திட்டமாகும். இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன.

ரம்பால பொது முகாமையாளரான பின்னர் பயணிகள் வண்டிகள் புதிய முக்கியத்துவம் பெற்றன. கொழும்புக்கு வெளியேயுள்ள நிலையங்கள் திருத்தப்பட்டன. கிழக்கின் பாதை, கனமும் வேகமும் கூடிய வண்டிகளைத் தாங்கத்தக்கதாகப் புதுப்பிக்கப்பட்டது. கொழும்புச் சுற்றாடலில் நிறவொளிச் சமிக்ஞைகள் வந்தன. காலையில் கோட்டைக்கும் மருதானைக்கும் வந்திறங்கும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் இவற்றின் பயனை நேரடியாக உணர்ந்தனர். நெடுந்தூரக் கடுகதி வண்டிகளுக்குப் பெயர்கள் சூட்டப்பட்டன: 1955 ஒக்ரோபரில் தெற்கே ‘ருகுணு குமாரி’, 1956 ஏப்ரலில் மலைநாட்டுக்கு ‘உடரட்ட மெனிக்கே’, அதே மாதம் வடக்கே ‘யாழ்தேவி’. இருபதாம் நூற்றாண்டின் இயந்திரத்துக்கு நிலமானிய காலத்துச் சீமாட்டிகளின் பெயர்களைத் தேர்ந்தமை நமது நடுத்தர வர்க்கத்தின் மனப்பாங்கைக் காட்டுவது. அதனை இங்கு விரிக்கத் தேவையில்லை.

1956 ஏப்ரல் என்பதைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். பொதுத் தேர்தலில் மக்கள் ஐக்கிய முன்னணி வெற்றியீட்டிய மாதம் அது. ஜூனில் காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகிகள் தாக்கப்பட்டனர். ஜூலையில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. ஒருபுறம் ஓர் அரச திணைக்களம் கொழும்பையும் காங்கேசன்துறையையும் முன்னிலும் நெருக்கமாக இணைக்கின்றது. மறுபுறம் அதே அரசின் சட்டம் அவ்வண்டியில் வந்திறங்கும் எழுதுவினைஞனின் மொழியை அலுவலகத்திலிருந்து அகற்றுகின்றது. பயண நேரத்தைக் குறைத்த பொறியியல், தேசிய இனங்களிடையே கூடிவந்த தூரத்தைக் குறைக்க வல்லதாயிருக்கவில்லை. அது பொறியியலின் குறையன்று. எனினும் தென்னிலங்கைச் சிங்களப் பயணியும் வடபுலத் தமிழ்ப் பயணியும் ஒரே மூன்றாம் வகுப்பு ஆசனத்தில் அருகருகே அமர்ந்து பாற்சோற்றையும் புட்டையும் பகிர்ந்த அனுபவம், எந்த மேடைப் பேச்சிலும் பார்க்க மெய்யானது என்றே நாம் கருதுகின்றோம்.

அதே 1956இல் இலண்டனிலுள்ள புகையிரத இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம், ஆசியாவின் தலைசிறந்த டீசற் பொறியியலாளர் என ரம்பாலவைக் கணித்தது. அவரைப் பற்றி எழுதுவோர் யாவரும் இதனைத் தவறாது குறிப்பிடுவர். பெருநகரத்தின் சான்றிதழ் இன்றி நம்மவரை நாமே மதிக்கத் தயங்கும் குடியேற்றகால வழக்கம் எளிதில் அகலுவதன்று. முன்பின் காணாத இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்ட இரத்மலானைத் தொழிலாளிக்கு எந்நிறுவனமும் சான்றிதழ் வழங்கவில்லை. ஆயின் அக்கற்றல் இன்றேல் டீசல் இயந்திரங்கள் சில ஆண்டுகளிலேயே இரும்புக் குவியலாகியிருக்கும்.

1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இதனால் புகையிரதமும் பஸ்ஸும் அரசின் உடைமையாயின. இரண்டையும் ஒரே திட்டத்திற் பிணைக்கும் அரிய வாய்ப்பு அப்போது கிட்டிற்று. முழுமையாகப் பயன்படுத்தப்பட்டதெனக் கூறல் இயலாது. மற்றொரு தடை எரிபொருள். நிலக்கரித் தங்கியிருத்தல் அகன்ற இடத்தில் எண்ணெய்த் தங்கியிருத்தல் வந்தமர்ந்தது. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டதன் மூலம் விநியோகத்தில் அந்நியக் கம்பனிகளின் பிடியைத் தளர்த்த முடிந்தது. எண்ணெயின் உலக விலையைத் தளர்த்த முடியவில்லை. 1973இன் விலையேற்றம் இதனை உணர்த்திற்று. இயந்திரமும் உதிரிப்பாகமும் எரிபொருளும் வெளியிலிருந்தே வரும்வரை, பொதுப் போக்குவரத்து அந்நியச் செலாவணியின் தயவிலேயே ஓடவேண்டியதாயிற்று.

மலையகப் பாதையில் இம்முரண்பாடு இன்னும் கூர்மையானது. ‘உடரட்ட மெனிக்கே’ ஹற்றனையும் நானுஓயாவையும் கடந்து சென்றபோது, பாதையோரத் தோட்டங்களில் நின்றோர் 1948ஆம், 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டோர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் அவர்களுட் பெருந்தொகையினர் இதே பாதையாற் தலைமன்னாருக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கப்பலேற்றப்பட்டனர். முன்னோர் நடந்து வந்த வழியில் பேரர் புகையிரதத்திலே திரும்பினர்.

1977இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. இலாபம் தரும் தடங்கள் அவர்களிடமும், தராத தடங்கள் சபையிடமுமாயின. புகையிரதம் நட்டமீட்டும் திணைக்களம் என்ற பெயரையே பெற்றது. வடக்கிலோ நட்டக் கணக்குப் பேசவும் வண்டி எஞ்சவில்லை. 1985இல் முறிகண்டிப் பகுதியில் ‘யாழ்தேவி’ வெடிவைத்துத் தாக்கப்பட்டது. 1990 ஜூனில் யாழ்ப்பாணச் சேவை முற்றாக நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி மீண்டும் வந்தபோது, அது ‘யாழ்தேவி’ என்ற பழைய பெயரையே தாங்கி வந்தது. பாதையை அமைத்தது இந்தியக் கம்பனி. அதற்கான பணம் இந்தியக் கடன்.