சீகன்பால்க்: தரங்கம்பாடியில் முதல் மாதங்கள் (1706–1707)

பர்த்தலோமேயு சீகன்பால்க் (1682–1719) இந்தியாவில் புராட்டஸ்டண்டு மிஷன் பணியைத் தொடங்கிவைத்த இருவருள் ஒருவர். மற்றவர் ஹைன்ரிச் புளூட்சாவ். இருவரும் ஜெர்மானியர், அனுப்பிவைத்தவரோ டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். தமிழ்ப் புதிய ஏற்பாடு, பொறையாற்றுக் காகித ஆலை, அச்சுக்கூடம் எனச் சீகன்பால்கின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுபவை எல்லாம் பிற்காலத்தவை. இக்கட்டுரை அவற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றியது: ஒரு தமிழ்ச் சொல்கூடத் தெரியாமல் காவிரி கடலோடு கலக்கும் நாட்டில் வந்திறங்கிய இளைஞர், பிள்ளைகளோடு மணலில் அமர்ந்து எழுத்துக் கற்ற மாதங்கள்.

ஊர்

தரங்கம்பாடி இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. பழைய கல்வெட்டில் அதன் பெயர் சடங்கன்பாடி. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அலை அரித்து அதன் முன்பகுதி போய்விட்டது. 1620இல் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர், ஓவே கெட்டே என்னும் டேனியத் தளபதியோடு ஒப்பந்தம் செய்து இவ்வூரை டேனியருக்கு விட்டுக்கொடுத்தார். தங்க ஏட்டில் பொறித்த அந்த ஒப்பந்தம் இன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. சீகன்பால்க் வந்தபோது தஞ்சையில் நாயக்கர் ஆட்சி முடிந்து மராத்திய மன்னர் சகஜி ஆண்டுகொண்டிருந்தார். டேன்ஸ்போர்க் கோட்டையும் அதைச் சூழ்ந்த மதில் நகரும் டேனியர் கையில். டேனியர் எல்லையைத் தாண்டினால் தஞ்சை அரசின் நெல்வயல்கள்.

வணிகத்துக்கென்று எழுந்த ஊர் அது. டேனியருக்கு 1701இல் கட்டிய சீயோன் ஆலயமும் அதற்கென்று குருமாரும் இருந்தனர். உள்ளூர் மக்களிடம் மதம் பேச ஆள் வேண்டும் என்று ஊரை நிர்வகித்த டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி கேட்கவில்லை. அரசர்தான் தம் அரண்மனைக் குரு லுட்கென்ஸ் வழியாக ஆள் தேடினார். டென்மார்க்கில் கிடைக்காமல் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்க வட்டத்தில் கிடைத்தனர்.

வரவேற்பு

சீகன்பால்க் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். ஹாலே பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பாடம் கேட்டார். உடல்நலம் இடம் கொடுக்காததால் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்ற கையோடு ‘சோஃபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் ஏறினார். நன்னம்பிக்கை முனை வழியாக ஏழு மாதத்துக்கு மேற்பட்ட பயணம். 1706 ஜூலை 9 அன்று கப்பல் தரங்கம்பாடியை அடைந்தது. மறுநாள் அவருக்கு 24 வயது நிறைந்தது.

அரசரின் முத்திரைக் கடிதத்தோடு வந்தவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு வினோதமானது. டேனிய ஆளுநர் ஹாசியஸ் அவர்களை ஊருக்கு வெளியே பல மணி நேரம் காக்கவைத்தார். பிறகு வந்து, உங்களுக்கு இங்கே என்ன வேலை என்ற தோரணையில் பேசிவிட்டு, கடைத்தெருவில் நிற்கவிட்டுப் போய்விட்டார். இரக்கப்பட்ட ஒருவர் அழைத்துப்போய்த் தங்க இடம் கொடுத்தார். ஹாசியஸை வெறும் முரடர் என்று ஒதுக்குவது சரியாகாது. தஞ்சை மன்னரோடும் உள்ளூர் வணிகரோடும் உறவு கெட்டால் சரக்குக் கிடைக்காது என்பது அவருடைய கணக்கு. மதம் மாற்ற வந்த இரண்டு இளைஞர்கள் அந்தக் கணக்கில் இல்லாத செலவு.

மணலும் விரலும்

கடற்கரைத் துறைமுகங்களில் அப்போது பொதுமொழி போர்ச்சுகீசியம். கலப்பின மக்கள், ஐரோப்பியர் வீட்டு அடிமைகள், துபாஷிகள் எல்லாரும் அதில் பேசினர். இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: புளூட்சாவ் போர்ச்சுகீசியத்தை எடுத்துக்கொண்டார், சீகன்பால்க் தமிழை. ஐரோப்பியர் அன்று ‘மலபார் மொழி’ என்றுதான் தமிழைக் குறித்தனர். 1578இலேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஆனால் 1706இல் இந்தக் கரையில் இறங்கிய ஒருவர் கையில் எடுத்துப் படிக்க அச்சிட்ட இலக்கணமோ அகராதியோ இல்லை.

அதனால் அவர் செய்தது எளிய காரியம். எழுபது வயதை எட்டிய திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரை அணுகி, பள்ளியைத் தாங்கள் இருக்கும் வீட்டிலேயே நடத்தும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். அவர்களோடு இவரும் தரையில் அமர்ந்தார். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிவு மணலில் தொடங்கும். உபாத்தியாயர் எழுத்தின் பெயரைச் சொல்வார். பிள்ளை உரக்கத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பரப்பிய மணலில் விரலால் எழுதும். கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். கிரேக்கமும் எபிரேயமும் படித்த பல்கலைக்கழக மாணவர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து ‘ஆனா, ஆவன்னா’ சொல்லி மணலைக் கலைத்துக் கலைத்து எழுதினார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. உபாத்தியாயருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாது. எழுத்து வந்தது, ஒலி வந்தது, பொருள் வரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் கம்பெனியில் துபாஷியாக இருந்த அழகப்பன். போர்ச்சுகீசியம், டேனியம், ஜெர்மன், டச்சு எனப் பல மொழி பேசியவர். ஐரோப்பிய ஆவணங்களில் ‘அலெப்பா’ என்று வருபவர் இவரே. சீகன்பால்குக்குத் தமிழ் மட்டுமன்றி ஊர் வழக்கு, சாதி ஒழுங்கு, கோயில் நடைமுறை ஆகியவற்றையும் எடுத்துச் சொன்னவர். இந்தத் தொடர்புக்காக அவர் பிற்பாடு ஊரைவிட்டு விரட்டப்பட்டு, தஞ்சை அரசின் சிறையிலும் வாடினார். மிஷன் வரலாறுகள் அவருக்குத் தரும் இடம் அவர் கொடுத்த விலைக்குப் போதாது.

எழுத்துக் கூடியதும் சீகன்பால்க் ஏடுகள் பக்கம் திரும்பினார். காலையில் முதல் வேலை, முந்தைய நாள் குறித்துவைத்த சொற்களை நெட்டுருப் போடுவது. பிறகு உச்சிப்பொழுது வரை ஏடு படிப்பது. பக்கத்தில் ஒரு முதிய புலவர் இருந்து கடினமான இடங்களை விளக்குவார், எழுத்தர் ஒருவர் குறிப்பெடுப்பார். பிற்பகலிலும் அதே வேலை. இரவில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, வேறொருவர் படிக்கக் கேட்பார். ஏடு வாங்கத் தம் எழுத்தர்களைத் தொலைவூர்களுக்கு அனுப்பினார். இறந்துபோன பிராமணர்களின் கைம்பெண்களிடம் மலிவாகக் கிடைக்கும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தார். 1708இல் அவர் எழுதிய தமிழ் நூற்பட்டியலில் தொல்காப்பியமும் திருக்குறளும் இடம்பெற்றன.

ஓராண்டு முடிவதற்குள்ளேயே பலன் தெரியத் தொடங்கியது. 1707 மே 12 அன்று டேனியர் வீட்டு அடிமைகள் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். ஆகஸ்டு 14 அன்று எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது சீகன்பால்க் தமிழிலேயே பிரசங்கித்தார். உபாத்தியாயரின் மகன் கணபதி வாத்தியார் 1709இல் கிறித்தவரானது ஊரில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதற்குள் ஆளுநரோடு இருந்த பகை முற்றி, 1708 நவம்பர் முதல் நான்கு மாதம் சீகன்பால்க் டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைபட்டுக் கிடந்தார்.

பின்வந்தவர்கள்

இந்த முதல் மாதங்களைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் அச்சாகி, 1709இல் ஆங்கிலத்திலும் வந்தன. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா அவற்றைப் படித்து நெகிழ்ந்தவர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து பின்னாளில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் பாதுகாவலராக விளங்கிய ஸ்வார்ட்ஸுக்கு மணலில் உட்காரும் வேலை இருக்கவில்லை. அவர் ஹாலேயிலேயே தமிழ் பயின்றுவிட்டார். வந்த நான்கு மாதத்துக்குள் பிரசங்கமும் செய்தார்.

இளைஞர்களை இருவர் இருவராக அயல்நாட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை இன்று பெரிய அளவில் கடைப்பிடிப்பது, 1830இல் அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் திருச்சபை. 2012 முதல் 18 வயது நிறைந்த ஆண்கள் இப்பணிக்குப் போகலாம். பயிற்சி மையத்தில் சில வாரம் மொழி கற்பித்து அனுப்புகிறார்கள். அத்திருச்சபை 1853லேயே சென்னைக்கு ரிச்சர்ட் பலன்டைனை அனுப்பியது. ஆங்கிலத்தில் பிரசங்கித்து, ஆங்கிலத்தில் இதழும் நடத்திய அவர் ஓராண்டில் திரும்பிப்போனார்; ஊர்மக்களிடையே அவருடைய பணி வேர்விடவில்லை. அவருக்கும் சீகன்பால்குக்கும் உள்ள வேறுபாடு ஆர்வத்தில் இல்லை, உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

ஆனால் சீகன்பால்கைத் தமிழ் ஆர்வலராக மட்டும் காட்டுவதும் பிழை. கோயில் வழிபாட்டை அவர் மாயை என்றே கருதினார். மதம் மாற்றவே மொழி கற்றார். அப்படி வந்தவரைத் தமிழ் ஏடுகள் மெல்ல இழுத்தன. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய பெருநூலை ஹாலே ஏற்கவில்லை: புறச்சமயத்தை ஒழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது பிராங்கேயின் எண்ணம். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

அவர் 1719 பிப்ரவரி 23 அன்று 36ஆம் வயதில் இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமானார். திண்ணைப் பள்ளிப் பாடங்களான கொன்றைவேந்தனையும் உலகநீதியையும், அவற்றோடு நீதிவெண்பாவையும் 1708இல் ஜெர்மனில் மொழிபெயர்த்திருந்தார். அந்த மொழிபெயர்ப்புகள் 1930இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தன.