தோல் நகரங்களில் ஒரு கான்கிரீட் கூரை

வால்பாறையில் தேயிலை பறிப்பவருக்கு வீடு கொடுப்பது எஸ்டேட்டின் கடமை என்றது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட்டவரோ 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் வந்தார். அந்தச் சட்டம் கழிப்பறை கேட்டது, குடிநீர் கேட்டது, ஆள் அதிகமிருந்தால் கேன்டீனும் கேட்டது. வீடு கேட்கவில்லை.

1952-ல் ஆலைத் தொழிலாளர்களுக்கென்று மானிய வீட்டுத் திட்டம் ஒன்றை மத்திய அரசு கொண்டுவந்தது. மாநில அரசு கட்டினால் செலவில் பாதி மானியம், மீதி கடன். முதலாளிகளுக்கும் மானியம் உண்டு. ஆனால் நாடெங்கும் அவர்கள் பெரிதாக முன்வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் பஞ்சாலைக்குத் தோதான திட்டம் அது. வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் சிதறிக் கிடந்த சிறு டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கூலியாளை மனதில் வைத்து எழுதப்பட்டதல்ல.

அரசு வீடு அவரை வேறு வழியில் வந்தடைந்தது. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை அலசியவர்களில், சவ்வு வழித்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1974-ல் ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தரவே தமிழ்நாடு அரசு ஒரு கழகம் தொடங்கியது. இன்று தாட்கோ என்று எல்லோரும் அறிந்த நிறுவனம் அதுதான். பின்னால் இந்திரா நினைவுத் தொகுப்பு வீடுகள் வந்தன. 2010-ல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-ல் பசுமை வீடு, 2024-ல் கலைஞர் கனவு இல்லம். இத்தனையிலும் அவர் குடிசைவாசி, ஏழை, ஆதிதிராவிடர் என்றே பட்டியலில் ஏறினார். தோல் தொழிலாளி என்பதற்காக வீடு வரவில்லை.

அதே வட்டாரத்தில் பீடி சுற்றுபவர்களின் நிலைமை வேறு. 1976-ல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிக்கு விதித்த தீர்வையிலிருந்து மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீட்டு மானியம் எல்லாம் கிடைத்தன. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது தீர்வை போனது. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் ஒரு தொழில் தன் ஆட்களுக்கு வீடு கட்டப் பணம் தந்தது. அந்நியச் செலாவணியை அள்ளித் தந்த தோலுக்கு அப்படியொரு நிதியை எந்த அரசும் ஏற்படுத்தவில்லை. இது பெருங்குறை.

திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு வருவோம். பசுமை வீட்டின் அளவு 300 சதுர அடி. முன்னறை, படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம். இடத்துக்கு ஒன்றாகச் சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள். 2011-ல் திட்டம் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு ஒதுக்கிய தொகை 1.80 லட்சம் ரூபாய். ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஷூவின் மேற்பாகத்தை மூட்டையாக வாங்கிவந்து வீட்டிலேயே கையால் தைக்கும் பெண்களுக்கு அந்தத் தாழ்வாரம்தான் பட்டறை. ஊசி ஏறும் துளை தெரிய வெளிச்சம் வேண்டும்; மூட்டை நனையாத கூரை வேண்டும். இவர்களுக்கு வீடு என்பது கூலியோடு பிணைந்தது. ஆனால் அந்த வீட்டைப் பெறச் சொந்த மனையும் பட்டாவும் முதலில் கையில் இருக்க வேண்டியிருந்தது. புறம்போக்கில் குடியிருப்பவரும் வாடகைக்கு இருப்பவரும் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

பட்டா என்ற பேச்சுக்கே இடமில்லாதவர்கள் வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். 2015 ஜனவரி 31 அன்று, நள்ளிரவு தாண்டிய நேரம், ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் படுத்திருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். சுற்றுச்சூழல் விபத்தாகவே அது பேசப்பட்டது. வேலை செய்யும் இடத்திலேயே படுக்க வேண்டியிருந்ததால் நேர்ந்த சாவு என்பதும் உண்மை.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பைத் தமிழ்நாடு அரசு திறந்தது. கட்டியது அரசு நிறுவனமான சிப்காட், செலவு 706.50 கோடி ரூபாய், தங்குபவர்கள் மின்னணு ஆலைப் பெண்கள். ராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையும் அதே சிப்காட்டினுடையதுதான். செல்போன் பூட்டுபவருக்குக் கட்ட முடிந்ததைத் தோல் பதனிடுபவருக்கும் கட்டலாம்.