மிட்டாய்ச் சில்லறையும் மொம்பாசாவின் சராஃபுவும்

இன்றைய எபிசோடை ஒரு மிட்டாயில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு ரூபாய் சில்லறை இல்லை என்றால், அண்ணாச்சி பாட்டிலில் இருந்து ஒரு மிட்டாயை எடுத்துக் கையில் வைத்துவிடுவார். உங்களுக்கும் நடந்திருக்கும். ஒருநாள் அப்படிச் சேர்த்து வைத்த ஐந்து மிட்டாயைக் கொண்டுபோய், "அண்ணாச்சி, இதுக்கு ஒரு பென்சில் கொடுங்க" என்றேன். சிரித்தார். கொடுக்கவில்லை. அன்றைக்கு அழுகைதான் வந்தது. ஆனால் பணத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான். கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டால் அது பணம். வாங்க மாட்டேன் என்றால் அது வெறும் மிட்டாய்.

இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாக்செயின் வரைக்கும் இது நம்மோடு வரப்போகிறது.

முதலில் ஆஸ்திரியா, 1932. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். டிரோல் மாகாணத்தில் வோர்கல் என்று ஒரு சின்ன ஊர், சுமார் நாலாயிரம் பேர். வேலை செய்ய ஆள் இருக்கிறது, போட வேண்டிய ரோடும் இருக்கிறது, கூலி கொடுக்கத்தான் காசு இல்லை. மேயர் மிஷேல் உன்டர்குகன்பெர்கர் என்ன செய்தார் தெரியுமா? ஊராட்சியின் பெயரில் சொந்தமாகச் சீட்டு அச்சடித்தார். அதற்கு ஈடாக உள்ளூர் வங்கியில் ஷில்லிங் போட்டு வைத்தார். அந்தச் சீட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. மாதா மாதம் அதன் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு ஸ்டாம்ப் வாங்கி ஒட்டினால்தான் செல்லும். பெட்டியில் பூட்டி வைத்தால் நஷ்டம், அதனால் எல்லோரும் சீக்கிரம் கைமாற்றிவிடுவார்கள். இன்னொரு முக்கியமான விஷயம், அந்தச் சீட்டை ஊராட்சியே வரியாக வாங்கிக்கொண்டது. அதாவது, அண்ணாச்சி மிட்டாயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்!

ரோடு வந்தது, பாலம் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் நாங்களும் அச்சடிக்கிறோம் என்று கிளம்பின. உடனே மத்திய வங்கி விழித்துக்கொண்டது. பணம் அச்சடிக்கும் உரிமை எங்களுக்கு மட்டும்தான் என்றது. 1933-இல் எல்லாம் நின்றுபோனது.

அப்படியே எண்பது வருஷம் தாண்டி, கண்டமும் மாறி, கென்யாவுக்கு வருவோம். கடலோர நகரம் மொம்பாசா. அங்கே ஒரு குடிசைப் பகுதியின் பெயர் பங்களாதேஷ். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இடம் கென்யாதான்.

அங்கே ஒரு சாதாரண நாளைக் கற்பனை செய்யுங்கள். காய்கறி விற்கும் அக்காவிடம் தக்காளி இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் விற்பவருக்குச் சட்டை தைக்க வேண்டும். தையற்காரருக்குத் தக்காளி வேண்டும். மூன்று பேரிடமும் பொருளோ திறமையோ இருக்கிறது. ஷில்லிங் மட்டும் இல்லை. சாயங்காலம் தக்காளி அழுகுகிறது, மற்ற இருவரும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். காசு இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு தெருவே முடங்கிக் கிடக்கிறது.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் வில் ரடிக். அமெரிக்கர், இயற்பியல் படித்தவர், பீஸ் கோர் தன்னார்வலராகக் கென்யாவுக்கு வந்தவர். 2013 மே மாதம், அந்தப் பகுதியின் சிறு வியாபாரிகளோடு சேர்ந்து பங்களா-பெசா என்ற சீட்டைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றார்கள். இந்தச் சீட்டைக் கொடுத்தால் என் பொருளைத் தருவேன் என்று ஒவ்வொருவரும் ஒத்துக்கொண்டார்கள். நம்ம ஊர்ச் சீட்டுக் குழுவில் எந்த நம்பிக்கை வேலை செய்கிறதோ, இங்கேயும் அதேதான்.

சில வாரங்கள்கூட ஆகவில்லை, போலீஸ் வந்தது. ரடிக்கோடு சேர்த்து ஆறு பேர் மீது வழக்கு. கடலோரப் பகுதியைத் தனி நாடாக்கக் கேட்ட மொம்பாசா குடியரசு கவுன்சிலோடு இவர்களுக்குத் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம். தக்காளிக்கும் தண்ணீருக்கும் போட்ட சீட்டுக்காக, ஏழு வருஷம் வரை சிறை போகும் நிலைமை! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இதில் கைதான மற்ற ஐந்து பேரும் உள்ளூர்க்காரர்கள். நல்லவேளை, அந்த ஆகஸ்டில் வழக்கு கைவிடப்பட்டது. சீட்டு மறுபடி புழக்கத்துக்கு வந்தது, வேறு பகுதிகளுக்கும் பரவியது.

சரி, பிளாக்செயின் எங்கே வருகிறது? காகிதச் சீட்டு கிழியும், போலி அடிக்கலாம். பக்கத்து ஊர்ச் சீட்டை எப்படி மாற்றுவது என்பதும் சிக்கல். அதனால் 2018 வாக்கில், ரடிக்கின் கிராஸ்ரூட்ஸ் எகனாமிக்ஸ் அமைப்பு இந்தக் கணக்கை பிளாக்செயினுக்கு மாற்றியது. பிளாக்செயின் என்பது ஒரு கணக்கு நோட்டு. அதன் நகல் பல கணினிகளில் இருக்கும், ஒருவர் மட்டும் ரகசியமாகத் திருத்த முடியாது. அவ்வளவுதான்.

இதன் பெயர் சராஃபு. சுவாஹிலியில் காசு என்று பொருள். மூலம் அரபுச் சொல். நம்ம பழைய தமிழில் நாணயம் மாற்றுபவரைச் சராப்பு என்பார்களே, அதுவும் அதே வேரில் இருந்து வந்ததுதான். இந்தியப் பெருங்கடலின் இரண்டு கரையிலும் ஒரே சொல்!

ஸ்மார்ட்போன்கூட வேண்டாம். பேலன்ஸ் பார்க்க நட்சத்திரம் போட்டு ஒரு நம்பர் அடிப்போமே, அந்த மாதிரி பட்டன் போனிலேயே அனுப்பலாம். கொரோனா வந்தபோது கென்ய செஞ்சிலுவைச் சங்கமும் கைகோத்தது. நைரோபியின் முக்குரு குடிசைப் பகுதியில் சராஃபு வேகமாகப் பரவியது. 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரையிலான கணக்கை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். சுமார் 40,000 பேர், ஏறக்குறைய 4,00,000 பரிமாற்றங்கள். ஊரடங்கில் ஷில்லிங் வறண்ட நேரத்தில் இத்தனை முறை பொருள் கைமாறியிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். பிளாக்செயின் ரசிகர்கள், இதில் யாரையும் நம்பத் தேவையில்லை என்பார்கள். சராஃபுவைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. பட்டன் போனில் டிஜிட்டல் சாவியை வைத்துக்கொள்ள முடியாது, அதனால் பயனர்களுக்காக அமைப்பே சாவியை வைத்திருந்தது. அதாவது அந்த அமைப்பை நம்பித்தான் ஆகணும். தொடக்கத்தில் ஊருக்கு ஊர் தனியாக இருந்த டோக்கன்களை 2020-இல் ஒரே சராஃபுவாக ஆக்கினார்கள். வசதிதான். ஆனால் முகம் தெரியாத ஒருவரின் சராஃபு என் கைக்கு வந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் வாக்குறுதி யாருடையது? யார் திரும்ப வாங்கிக்கொள்வார்?

பிற்பாடு அவர்கள் எடுத்த முடிவில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தன் சொந்த வவுச்சரைத் தானே வெளியிடும் முறைக்கே திரும்பினார்கள். இன்ன குழு, இன்ன பொருள் தருவோம் என்று சொல்லிப் போடும் வவுச்சர். பிளாக்செயின் அப்படியே இருக்கிறது, ஆனால் வாக்குறுதி மறுபடி தெருவுக்கு, தெரிந்த முகங்களிடம் வந்துவிட்டது.

எனக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான். கணக்கு நோட்டை எவ்வளவு பத்திரமாக வேண்டுமானாலும் வைக்கலாம். பங்களா-பெசாவைப் பிடித்து நிறுத்தியது போலீஸ், அதற்கு உயிர் கொடுத்தது அந்தத் தெருவின் ஜாமீன். இந்த இரண்டையும் எந்தக் கணினியும் மாற்றிவிடவில்லை. நாளைக்கு யாராவது நம்ம ஏரியாவுக்கு ஒரு டோக்கன் கொண்டுவந்தால், டெக்னாலஜி என்ன என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதைக் கொடுத்தால் யார், என்ன தருவீங்க?"

பெயரும் பொருளும் சொல்ல முடிந்தால் அது பணம். இல்லையென்றால் அண்ணாச்சி கொடுத்த மிட்டாய்தான். அதையாவது சாப்பிடலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.