48 மணி நேரமும் ஒரு மின்னஞ்சலும்



போன வாரம் நம் பழைய மாணவர் சங்கத்தின் இணையதளம் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. "டீச்சர், நேம்சர்வர் மாத்தியிருக்கோம், 48 மணி நேரம் பொறுங்க" என்றான் அதைப் பார்த்துக்கொள்ளும் மாணவன். ஏன் 48 என்று கேட்டேன். சிரித்தான். வகுப்பிலும் பதில் தெரியாவிட்டால் அப்படித்தான் சிரிப்பான். சரி, நாமே படிப்போம் என்று உட்கார்ந்தேன். நல்ல வரலாறு ஒன்று கிடைத்தது. பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை கிடையாது.

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண் முகவரிதான் தெரியும். 1970-களில் அமெரிக்காவின் அர்பாநெட் வலையில் இருந்த கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி வந்தால் அங்கே சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள், மற்றவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கு ஒரே வருகைப் பதிவேடு மாதிரி.

கணினிகள் பெருகியதும் அந்த ஏடு தாங்கவில்லை. பால் மொகபெட்ரிஸ் என்ற இளைஞரிடம், ஏற்கெனவே வந்திருந்த ஐந்து யோசனைகளைப் படித்து ஒன்றாக்கித் தரச் சொன்னார்கள். அவர் ஐந்தையும் விட்டுவிட்டு, 1983-ல் ஆறாவதாகத் தன்னுடையதை எழுதிக் கொடுத்தார். (எனக்கும் அப்படிச் சில பிள்ளைகள் வாய்த்ததுண்டு.)

அவர் முறை நம் ஊர் முறைதான். புதிதாக வந்தவர் பஸ் ஸ்டாண்டில் விலாசம் கேட்டால், "வடக்குத் தெருவா? முனையில் இருக்கிற பலசரக்குக் கடையில் கேளுங்க" என்போம். வீட்டைக் காட்ட மாட்டோம், யாரைக் கேட்க வேண்டும் என்று காட்டுவோம். அந்தப் பலசரக்குக் கடைதான் நேம்சர்வர். டாட் காம் பட்டியலில் நம் தளத்தின் பெயருக்கு எதிரே "இந்தக் கடையில் கேள்" என்றுதான் இருக்கும். கேட்டுப்போன கணினி அதை 1,72,800 நொடி வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வகுத்துப் பாருங்கள், இரண்டு நாள். பழைய கடை ஞாபகத்தில் இருப்பவர் அதுவரை பழைய கடைக்கே போவார்.

சரி, பஸ் ஸ்டாண்டில் வழி சொல்பவர் யார்? எல்லாவற்றுக்கும் மேலே மூலப் பட்டியல் ஒன்று உண்டு. 1998-ல் அதை 13 சர்வர்கள் வைத்திருந்தன. முதலாவதான 'ஏ' சர்வர் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்திடம் இருந்தது. மற்ற 12-ம் அதைப் பார்த்துத்தான் நகல் எடுக்கும். இலவசமாக இருந்த பெயர்ப் பதிவுக்கு அந்த நிறுவனம் 1995 முதல் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் வாங்கத் தொடங்கியிருந்தது. பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை முற்றியிருந்த நேரம்.

இன்னொரு பக்கம் ஜான் போஸ்டல். நீண்ட தாடி, காலில் செருப்பு, பல்கலைக்கழக ஆய்வாளர். 1970-களின் தொடக்கத்திலிருந்தே இணையத்தின் எண் கணக்குகளைப் பார்த்துவந்தவர். 1998 ஜனவரி 28-ல் அந்தப் பன்னிரண்டில் எட்டு சர்வர்களை நடத்தியவர்களுக்கு அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: இனி 'ஏ' சர்வரைப் பார்க்க வேண்டாம், என் சர்வரைப் பாருங்கள். எட்டுப் பேரும் மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள். உத்தரவு கிடையாது, கையெழுத்து கிடையாது. போஸ்டல் சொன்னார், செய்தார்கள். நான் எழுந்து நடந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

உலகில் யாருக்கும் எந்தத் தளமும் நிற்கவில்லை. இரண்டு பட்டியலிலும் இருந்தது ஒன்றேதான். ஆனால் வாஷிங்டன் ஆடிப்போனது. கிளின்டன் அரசின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டார். போஸ்டல், "அது ஒரு சோதனை" என்று சொல்லிப் பழையபடியே மாற்றிவிட்டார். சோதனைதானா? எனக்கு நம்பிக்கையில்லை. பட்டியல் ஒரு கம்பெனியின் சொத்தல்ல என்று காட்டத்தான் செய்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் தனி ஒருவர் ஒரு மின்னஞ்சலில் மாற்ற முடிந்ததும் பயப்பட வேண்டிய விஷயம்தானே? நல்லவர் கையில் இருந்ததால் தப்பித்தோம்.

அந்த ஆண்டே செப்டம்பரில் இதற்கென்று ஐகான் என்ற அமைப்பு உருவானது. அக்டோபர் 16-ல், 55 வயதில், போஸ்டல் இறந்துபோனார். அமெரிக்க அரசின் மேற்பார்வை ஒப்பந்தம் 2016 செப்டம்பரில்தான் முடிந்தது. இன்று அந்த மூலப் பட்டியலில் .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்துப் பெயர்களும் இருக்கின்றன.

நம் கதைக்கு வருகிறேன். தளத்தை முதலில் அமைத்துக் கொடுத்தவர் பெயரைத் தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிட்டுக் கடையை மூடிவிட்டார். அவரைத் தேடிப் பிடிக்கவே நான்கு மாதம் ஆனது. இப்போது பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கிறது, சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது. இன்னும் யாருக்காவது பழைய பக்கமே வந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். மாலை 5 மணிக்கு மேல்.